பேர் கழுவின தட்டு

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் சர்மிளா. போன சிவராத்திரிக்கு அடுத்த நாள், கோயில் மடப்பள்ளியில் நாங்கள் இரண்டு பேரும் அண்டா தேய்த்துக்கொண்டு நின்றபோது சொன்னாள். குழாயைத் திறந்துவிட்டபடியே சொன்னாள். குரல் உடைந்தால் வெளியில் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

அவளுடைய புருசன் வாகீசன். வாகீசனுக்கு ஒரு தம்பி இருந்தான், ஆரூரன்.

லண்டனில் பிள்ளைகள் நிலவறைகளில் கூடி ஆடுகிற பாட்டுகள் இருக்கின்றன. கராஜ் என்பார்கள், கிரைம் என்பார்கள், டப்ஸ்டெப் என்பார்கள். எனக்கு ஒன்றும் விளங்காது. கராஜ் என்றால் கார் விடுகிற இடம் என்றே கனகாலம் இருந்துவிட்டேன். ஆரூரன் அந்தப் பாட்டுகளைச் செய்கிறவன். அனுமதி இல்லாத ஒரு ரேடியோவும் நடத்தினான். ஒரு மழை நாள், அந்த ரேடியோவுக்கு ஏரியல் கட்ட, உயரமான ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறினான்.

படியால் இறங்கி வரவில்லை.

இவ்வளவும் தெரிந்தால் போதும். மற்றதை அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

*

“என்ரை தம்பியின்ரை பேரை ஏன் ஒருத்தரும் சொல்லுகினமில்லை?”

வாகீசன் துஷியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

துஷி இசைத்தட்டு வெட்டுகிற, அதாவது பாட்டை வெறும் தட்டில் கீறிப் பதிக்கிற பிள்ளை. தென் லண்டனில், ஒரு சலூனின் பின்னறையில் அவளுடைய மெஷின் இருந்தது. வாகீசனைவிட நன்றாக வயது குறைந்தவள். ஆனால் அந்தப் பாட்டுக்காரர் எல்லாரும் அவளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கதைப்பார்களாம்.

அவள் திரும்பவில்லை. ஊசி ஒரு கறுப்புத் தட்டைக் கீறிக்கொண்டிருந்தது. கீறின இடத்திலிருந்து தலைமயிர் மாதிரி ஒரு நூல் சுருண்டு சுருண்டு வந்தது.

“நீதானே அவனுக்குத் தட்டு வெட்டிக் குடுத்தனி?”

“ஓம்.”

“அவன் செய்த சத்தம் இப்ப எல்லாற்றை பாட்டிலையும் கிடக்கு. கடையிலை போடுறாங்கள். காருக்குள்ளை போடுறாங்கள். பஸ் டிப்போவிலை வேலை செய்துகொண்டு நிண்டு நான் கேக்கிறன். அவன்ரை பேரை மட்டும் காணேல்லை.”

ஊசி தட்டின் நடுவுக்கு வந்து நின்றது. துஷி மெஷினை நிற்பாட்டினாள்.

“அண்ணை, அந்தப் பேசினுக்குள்ளை இளஞ்சூட்டுத் தண்ணி விடுங்கோ.”

கை கழுவப் போகிறாள் என்று நினைத்து வாகீசன் தண்ணீர் பிடித்து வைத்தான்.

அவள் ஒரு பெட்டியை இழுத்து அவனுக்கு முன்னால் வைத்தாள். பெட்டி நிறைய இசைத்தட்டுகள்.

“லேபிளைக் கழுவுங்கோ.”

“என்னத்தை?”

“நடுவிலை ஒட்டிக் கிடக்கிற கடதாசி. பாட்டின்ரை பேர், செய்த ஆளின்ரை பேர். முழுக்கக் கழுவி எடுங்கோ.”

“ஏன்?”

“ஒராள் பாட்டுப் போடேக்கை மற்ற ஆக்கள் பின்னாலை நிண்டு எட்டிப் பாப்பினம். பேரைக் கண்டால் அடுத்த கிழமை அவையும் அதைத் தேடிப் பிடிச்சுப் போடுவினம். அதாலை கழுவிப்போட்டுத்தான் கொண்டு போவினம். இவையின்ரை பழக்கம்.”

“நான் பேர் வைக்க வந்தனான், பிள்ளை.”

“தெரியும். நகத்தாலை சுரண்டாதேங்கோ. ஊறவிடுங்கோ.”

அப்படித்தான் அவன் அவளிடம் சீடனாகச் சேர்ந்தான்.

*

அந்த மாரிகாலம் முழுக்க, லீவு கிடைத்த நாளெல்லாம் போய்க் கழுவினான்.

“வீட்டிலை ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவ மாட்டார்,” என்று சர்மிளா மாமியிடம் சொல்லுவாள். “அங்கை போய்த் தட்டுக் கழுவுறார்.”

மாமி, அதுதான் வாகீசனின் தாய் தையல்நாயகி அம்மா, அவர்களோடுதான் இருக்கிறார். அவருக்குக் காது மந்தம்.

“ஆர் கழுவுறது?”

“உங்கடை மூத்த மகன், மாமி.”

“சும்மா பொய் சொல்லாதை பிள்ளை.”

தம்பி போன பிறகு அந்த வீட்டில் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான் என்றாள் சர்மிளா.

*

ஒரு நாள் வாகீசன், அவள் அப்போதுதான் வெட்டி எடுத்த தட்டைத் தூக்கிப் பார்த்தான்.

“இது எவ்வளவு காலம் பாடும்?”

“கடையிலை விக்கிற தட்டு மாதிரி இல்லை அண்ணை. இது மெதுமை. ஊசி ஓட ஓடத் தேயும். கொஞ்ச நாள் பாடும். பிறகு இரைச்சல்தான்.”

“போடாமல் வைச்சிருந்தால்?”

“அப்பிடியே இருக்கும்.”

“அப்ப வைச்சிருக்கலாமே.”

“வைக்கலாம்,” என்றாள் துஷி. தட்டை வாங்கி உறைக்குள் போட்டாள். “ஆருக்கு?”

*

ஒரு பின்னேரம் இரண்டு பேர் ஒன்றாக வந்துவிட்டார்கள். ஒருத்தன் கராஜ் பக்கம். இஸ்திரி போட்ட சேட், காலில் பளபளக்கிற சப்பாத்து. மற்றவன் கிரைம் பக்கம். தொப்பியைக் கழற்றியும் முகத்தில் பாதி துணிக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் ஒருத்தரையொருத்தர் மதிக்காது என்று வாகீசன் கேள்விப்பட்டிருந்தான். அவர்களும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

துஷி இரண்டு பேருடைய பாட்டையும் வெட்டினாள்.

அவர்கள் போன பிறகு வாகீசனின் முகம் சிவந்திருந்தது.

“ரண்டுக்குள்ளையும் தம்பி இருக்கிறான்.”

“எங்கை?”

“ரண்டு அடி அடிச்சுப்போட்டு மூண்டாவதை அடிக்காமல் விடுறது. அது அவன்ரை. வீட்டிலை மேசையிலை தட்டித் தட்டி எங்களை விசராக்கினவன். அந்த விட்ட இடம் அவன்ரை.”

“அடிச்ச அடிக்குச் சொந்தக்காரன் இருக்கலாம்,” என்றாள் துஷி. “அடிக்காமல் விட்டதுக்கு ஆர் சொந்தக்காரன்?”

“பகிடி விடாதை.”

“நான் பகிடி விடேல்லை.”

“சரி, அதையாவது சொல்லு. என்ரை தம்பி செய்தது கராஜோ, கிரைமோ, மற்றதோ? நாளைக்கு ஆரும் கேட்டால் நான் ஒரு பேர் சொல்ல வேணும்.”

துஷி பேசினைக் காட்டினாள்.

சிவப்பு லேபிள், நீல லேபிள், மஞ்சள் லேபிள் எல்லாம் காலையிலிருந்து ஊறி, தண்ணீர் மண்ணிறமாகக் கிடந்தது.

“இதுக்குள்ளை கராஜை மட்டும் தனிய அள்ளித் தாங்கோ அண்ணை. நான் சொல்லுறன்.”

வாகீசன் அன்றைக்குக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டான். மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தான். சாப்பிடவில்லை.

அடுத்த லீவு நாள் திரும்பவும் போனான்.

*

பிறகு அந்தச் சத்தம் இன்னும் பெரிசாக வெளியே வந்தது.

நிலவறையில் கிடந்ததைப் பெரிய ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். பத்திரிகையில் அதற்கு ஒரு பேர் வைத்தார்கள். பரிசும் கொடுத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஒருவன்தான் அதை முதலில் செய்தவன் என்று சொன்னார்கள். ஒரு வானொலி, இந்தச் சத்தம் எங்கே பிறந்தது என்று ஒரு நிகழ்ச்சி செய்யப் போவதாகவும் அறிவித்தது.

வாகீசன் அந்த வானொலி நிலையத்துக்குப் போனான். நிகழ்ச்சி செய்கிறவர் டேனியல் என்று ஒரு ஆங்கிலேயர். நல்ல மனிதர். கதிரை போட்டு இருக்கச் சொன்னார்.

“உங்கள் தம்பி அதற்கு முன்பே செய்தாரா?”

“ஓம். இரண்டு வருசம் முன்பே.”

“பாட்டு இருக்கிறதா?”

“அவனுடைய கம்ப்யூட்டர் அவனோடு சேர்ந்தே விழுந்து உடைந்துவிட்டது. ஆனால் ஒரு தட்டு இருக்கிறது. ஒன்றே ஒன்று.”

டேனியல் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

“கொண்டு வாருங்கள்,” என்றார். “தெளிவாக இருந்தால் நாங்கள் போடுவோம். அவருடைய பெயரையும் சொல்லுவோம்.”

வாகீசன் படியெல்லாம் ஓடி இறங்கினானாம். பஸ்ஸில் இருக்க முடியாமல் நின்றுகொண்டே வந்தானாம்.

*

தட்டு வீட்டில், சாமி அலுமாரியில் இருந்தது. ஆரூரனின் படத்துக்குப் பக்கத்தில்.

தம்பியின் பையிலிருந்து அதைக் கண்டெடுத்தது தையல்நாயகி அம்மாதான். அது பாடும் என்று அவருக்குத் தெரியும். எப்படிப் பாடும் என்று தெரியாது. பிள்ளையின் கை பட்ட பொருள், அவ்வளவுதான். படத்தோடு சேர்த்து நிமிர்த்தி வைத்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார். தட்டுக்கும் வைப்பார். தட்டுக்கு நெற்றி எது? மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே. அதுதான் பாட்டு ஓடுகிற இடம்.

போன வெள்ளிக்கிழமை வைத்ததன் மேலேயே இந்த வெள்ளிக்கிழமையும்.

வாகீசன் இத்தனை நாளும் அதைப் படத்தோடு படமாகப் பார்த்தானே தவிர, தட்டாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான்.

அவசரத்தில் ஈரத் துணியை எடுத்துத் துடைத்தான். சந்தனம் போனது. காய்ந்த குங்குமம் மணல் மாதிரி. துடைக்கத் துடைக்க அது உள்ளே கீறிக்கொண்டு போனது.

தாய் வாசலில் நின்று பார்த்தார்.

“என்ன மகன், நான் கெடுத்துப் போட்டனோ?”

“ஓம் அம்மா,” என்றான் வாகீசன். “கெடுத்துப் போட்டியள்.”

காது மந்தமான மனுசிக்கு அந்த ஒரு சொல் மட்டும் வடிவாகக் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் சாமி அறைக்குள் போகவில்லை. விளக்கைச் சர்மிளாதான் ஏற்றினாள். “மாமி, வந்து பொட்டை வையுங்கோ,” என்று கூப்பிட்டால், கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டு, “நீ வை பிள்ளை, என்ரை கை சரியில்லை,” என்பார்.

*

துஷி தட்டை வாங்கியவுடன் முகத்துக்குக் கிட்டக் கொண்டு போய் மணந்து பார்த்தாள்.

“சந்தனம்.”

“ஓம்.”

“ஆர்?”

“அம்மா. வெள்ளிக்கிழமையிலை.” வாகீசன் நிலத்தைப் பார்த்தான். “துடைச்சது நான்.”

அவள் தட்டைச் சுற்றவிட்டாள். ஒலி பதிகிற மெஷினையும் போட்டு, ஊசியை மெல்ல வைத்தாள்.

தம்பி வந்தான். அதே இரண்டு அடி. அதே விட்ட இடம். ஆனால் தட்டு ஒருமுறை சுற்றுகிற நேரத்துக்கு ஒருமுறை, ஊசி அந்தப் பொட்டு வைத்த இடத்தில் தடக்கியது.

டிக்.

பாட்டு ஒரு கணக்கில் நடந்தது. அந்தச் சத்தம் வேறு கணக்கில், நொண்டி நொண்டி, பின்னால் வந்தது.

டிக்.

“கம்ப்யூட்டரிலை எடுத்து விடலாந்தானே?” என்று வாகீசன் கேட்டான்.

“எடுக்கலாம்.”

துஷி இருந்து வேலை செய்தாள். சலூனில் முடி உலர்த்துகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு போட்டுக் காட்டினாள். டிக் இல்லை. ஆனால் தம்பியின் அடியும் இல்லை. தகரக் கூரையில் தூரத்து மழை மாதிரி ஏதோ ஓடியது.

“என்ன இது? எங்கை அவன்?”

“ரண்டும் ஒரே இடத்திலை கிடக்கு அண்ணை. மெஷினுக்குத் தெரியுமோ, இது அம்மாவின்ரை, இது மகன்ரை எண்டு?” அவள் விரலை ஒரு பொத்தானின் மேல் வைத்தாள். “ஆரை எடுத்து விடுறது, சொல்லுங்கோ.”

வாகீசன் கையைக் காட்டித் தடுத்தான்.

“விடு,” என்றான். “ரண்டு பேரும் இருக்கட்டும்.”

*

டேனியல் முழுக்கக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

“இது பழுதாகியிருக்கிறது,” என்றார்.

“தெரியும்.”

“பழுதைக்கூட விடுங்கள். இதில் கொஞ்சம் கராஜ் இருக்கிறது. கொஞ்சம் மற்றதும் இருக்கிறது. எங்கள் நிகழ்ச்சி ஒரே ஒரு வகையைப் பற்றியது.” தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்கள் தம்பியின் பெயர் எங்கே? லேபிள் வெறுமையாக இருக்கிறதே. இதை அவர்தான் செய்தார் என்று நான் எதை வைத்துச் சொல்லுவேன்?”

வாகீசன் தட்டை வாங்கி உறைக்குள் போட்டான்.

நேரே சலூனுக்கு வந்தான். முடி வெட்ட இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்குள் வந்தான்.

“தம்பியின்ரை தட்டிலை பேர் இருந்ததோ?”

“இருந்தது.”

“ஆர் கழுவினது?”

“நான்தான்.”

அவன் கை ஓங்கியே விட்டது. பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

“அவன் கேட்டவனோ?”

“ஓம்.”

“என்னெண்டு கேட்டவன்? அவன் சொன்னதை அப்பிடியே சொல்லு.”

துஷி யோசித்தாள்.

“ ‘அக்கா, நல்லாய்க் கழுவுங்கோ’ எண்டு.”

*

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனது. வாகீசன் ரேடியோவை மேசையில் வைத்துவிட்டு இருந்தான். சர்மிளா இருந்தாள். தையல்நாயகி அம்மாவும் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு இருந்தார். ஒரு மணித்தியாலம். மற்றவனின் பேரைச் சொன்னார்கள். அவனுக்குப் பிறகு வந்தவர்களின் பேரையும் சொன்னார்கள்.

முடிந்த பிறகு தாய் கேட்டார்.

“தம்பியின்ரை பேர் சொன்னவங்களோ? எனக்குக் கேக்கேல்லை.”

வாகீசன் ரேடியோவை மூடினான்.

“சொல்லேல்லை அம்மா.”

“என்னாலைதானே.”

சர்மிளா எழுந்து போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். ‘இல்லை மாமி’ என்று நானாவது ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று, மடப்பள்ளியில் நின்று என்னைக் கேட்டாள். நான் அண்டாவைத் தேய்த்தேன்.

*

“நான் இனி வரமாட்டன்,” என்று சொல்லத்தான் வாகீசன் அடுத்த முறை போனான்.

துஷி மெஷினில் ஒரு தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதிதாக வெட்டின இன்னும் சில கிடந்தன.

அறைக்குள் அந்தச் சத்தம். இரண்டு அடி. விட்ட இடம். டிக்.

“என்ன செய்யிறாய்?”

“வெட்டுறன்.”

“ஆருக்கு?”

“அண்டைக்கு ஒண்டா வந்தவை ரண்டு பேர். அவைக்கு ஒவ்வொண்டு. பிரிஸ்டலிலையிருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளை வருவா, அவவுக்கு ஒண்டு. நான் போட்டுக் காட்டினனான், எல்லாரும் தங்களுக்கு ஒண்டு கேட்டவை.”

“பழுதோடையோ?”

“பழுதைத்தான் கேட்டவை.”

வாகீசன் ஒரு தட்டை எடுத்தான். நடுவில் வெள்ளை லேபிள், வெறுமையாக.

“பேரையாவது எழுது பிள்ளை. உனக்குக் கும்பிட்டன். ஒரு பேர்.”

துஷி ஒரு நீல மைப் பேனையை அவனிடம் நீட்டினாள்.

“நீங்கள் எழுதுங்கோ.”

வாகீசன் எழுதினான். தமிழில் எழுதினான். ஆரூரன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. ஒவ்வொரு தட்டிலும் எழுதினான். கடைசித் தட்டில் எழுதும்போது அவனுக்கு அழுகை வந்தது.

துஷி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வடிவாயிருக்கு,” என்றாள். “இப்பிடியே கொண்டு போய் அலுமாரியிலை வையுங்கோ. ஒருத்தரும் தொடாயினம். பேரோடை கிடக்கிற தட்டை இவை கையாலையும் எடுக்காயினம்.”

பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். பேசினில் தண்ணீர் நிறைந்தது. கையை விட்டுச் சூடு பார்த்தாள். அதை அவனுக்கு முன்னால் வைத்தாள்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டாள்.

வாகீசன் அங்கே எவ்வளவு நேரம் இருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. சலூனில் வெளிச்சத்தை அணைக்கத் தொடங்கியபோதுதான் துஷி திரும்ப வந்தாள்.

தட்டுகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் நீலமாக இருந்தது.

“நல்லாய்க் கழுவினனீங்களோ?”

“ஓம்,” என்றான் வாகீசன். “சுரண்டேல்லை.”

*

ஒரு ஞாயிறு பின்னேரம் துஷி அவனை ஒரு நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சர்மிளாவும் போனாள். கூரையிலிருந்து வேர்வை சொட்டியது என்றாள். நெஞ்சுக்கூடு நடுங்கியது என்றாள்.

தட்டு போட்டார்கள். இரண்டு அடி. விட்ட இடம். டிக். சனம் ஒருமுறை அப்படியே நின்றுவிட்டது. பிறகு எல்லாரும் கையால் சுவரில் அடிக்கத் தொடங்கினார்கள்.

“ஏன் அடிக்கினம்? கோபமோ?” என்று சர்மிளா பயந்து கேட்டாள்.

“பிடிச்சால் அப்பிடித்தான் அக்கா,” என்று துஷி அவளுடைய காதுக்குள் கத்தினாள். “நிப்பாட்டிப்போட்டு முதலிலையிருந்து போடச் சொல்லி அடிக்கிறது.”

போட்டவன் தட்டைக் கையால் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும் சுவரில் அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் தட்டு தேயும் என்று இப்போது வாகீசனுக்குத் தெரியும்.

அவனைக் காணவில்லை. சர்மிளா படியேறித் தேடிப் போனாள். வெளியே மழையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

“ஆரெண்டு தெரியாமல் அடிக்கிறாங்கள்,” என்றான். “ஆரெண்டு தெரியாமல்.”

*

அதற்குப் பிறகு ஒரு வருசம் இருக்கும். வாகீசன் கழுவுவதை விடவில்லை. ஆனால் ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் கதை குறைந்தது. தையல்நாயகி அம்மாவுக்கு நடையும் குறைந்தது. காலையில் அவரைக் குளிக்க வார்க்க அபெனா என்று ஒரு கானாக்காரப் பெண் வந்து போவாள். வேலை செய்யும்போது போனில் பாட்டுப் போட்டு, ஜன்னலில் வைத்துக்கொள்வாள்.

அன்றைக்கு வாகீசனுக்கு லீவு. கீழே இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

மேலேயிருந்து பாட்டு வந்தது. ஒரு பெண் பாடினாள். மெல்லிய பாட்டு. கராஜும் இல்லை, கிரைமும் இல்லை. அதில் இரண்டு அடி இல்லை, விட்ட இடம் இல்லை. தம்பி எங்கேயும் இல்லை.

டிக்.

பாட்டு ஒரு கணக்கில் நடந்தது. அது வேறு கணக்கில், நொண்டி நொண்டி.

டிக்.

ஒரு சப்பாத்தோடு மேலே ஓடினான்.

“அபெனா, இது என்ன பாட்டு? யாருடையது?”

“யாருடையதோ. என் மகள் போட்டுத் தந்தது. பிரிஸ்டல் பக்கத்துப் பாட்டு என்றாள். அதற்கு ஒரு பெயர் சொன்னாள், மறந்துவிட்டேன். இப்போது எல்லாப் பாட்டிலும் இந்தச் சத்தத்தை வைக்கிறார்களாம்.”

தாய் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். ஈரத் தலையில் துவாய்.

“மகன், ஆரோ கதவைத் தட்டுகினம்.”

“இல்லை அம்மா. அது பாட்டு.”

“பாட்டில்லை. பாட்டு எனக்கு எங்கை கேக்கிறது? தட்டுகினம். இந்தச் செவிட்டுக் காதுக்கே கேக்குது, உனக்குக் கேக்கேல்லையோ? போய்ப் பார்.”

வாகீசன் படியில் இருந்துகொண்டு துஷிக்குப் போன் எடுத்தான்.

“துஷி, அது வந்திட்டுது. ஆரோ ஒருத்தி பாடுறாள். வேற பாட்டு. வேற பேராம். தம்பி அதுக்குள்ளை இல்லவே இல்லை. ஒரு துண்டும் இல்லை. அம்மாவின்ரை பொட்டு மட்டும் தனிய வந்திருக்கு. ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பாடுறவளுக்கும் தெரியாது. இதுக்கோ நான் கழுவினது? சொல்லு. இதுக்கோ?”

மறுபக்கத்தில் முடி உலர்த்துகிற சத்தம்.

“அம்மா கேட்டவவோ?”

“கேட்டவ. ஆரோ கதவைத் தட்டுகினமாம்.”

“திறந்தனீங்களோ?” என்று துஷி கேட்டாள்.

வாகீசன் போனைக் கீழே வைத்தான். ஒரு சப்பாத்தோடு இறங்கிப் போய், முன்கதவை அகலத் திறந்தான்.

*

சர்மிளா அதோடு குழாயைப் பூட்டினாள்.

உங்கள் வீட்டிலோ காரிலோ பிள்ளைகள் ஏதாவது போடும்போது, பாட்டோடு சேராமல் ஒரு டிக், நொண்டி நொண்டி வந்தால், நிற்பாட்டச் சொல்லாதேங்கோ. ஜன்னலைத் திறந்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ. அந்த அம்மாவுக்குக் காது மந்தம்.